உளவு அமைப்புக்குள் கண்காணிப்பாளர் வேலை: நல்ல அறிக்கையையும் முடக்கும் தவறுகள்

சி.ஐ.ஏ.வில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்பது காவல்துறைப் பதவி அல்ல. அமைப்புக்குள்ளேயே இருந்துகொண்டு அதன் கணக்கையும் நடத்தையையும் சோதிக்கும் பதவி. 1950களிலேயே அப்படி ஒருவர் இருந்தார்; ஆனால் இயக்குநரின் தயவில் இருந்தார். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் உள் விசாரணை கோட்டைவிட்ட பிறகுதான், 1989இல் சட்டம் வந்தது. இப்போது அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, நீக்கும் அதிகாரமும் அதிபருக்கு மட்டுமே. இந்த அலுவலகத்தில் சேர்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் துணிச்சல் குறைவால் அல்ல, நடைமுறையில் விட்ட ஓட்டையால்.

குற்றம் சாட்டப்பட்டவரிடம் வரைவைக் காட்டாமல் விடுவது. 1961 ஏப்ரலில் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் சி.ஐ.ஏ. நடத்திய படையெடுப்பு தோற்றது. அப்போதைய இன்ஸ்பெக்டர் ஜெனரல் லைமன் கிர்க்பாட்ரிக், திட்டமிட்டவர்களைக் கடுமையாகச் சாடி அறிக்கை எழுதினார். அதை முதலில் கொடுத்தது பதவியில் இருந்த இயக்குநர் ஆலன் டல்லஸிடம் அல்ல. அடுத்து வரவிருந்த ஜான் மெக்கோனிடம். அவ்வளவுதான், அறிக்கையில் இருந்ததைவிட அதை எழுதியவரின் உள்நோக்கமே பேச்சானது. ரகசியத் திட்டங்களின் பிரிவு பதில் அறிக்கை ஒன்றைத் தயாரித்தது. மூல அறிக்கை 1998 வரை வெளியே வரவில்லை. அதில் சொன்ன பல குறைகள் சரியானவை என்பதுதான் வேதனை. வரைவைச் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்புங்கள், பதிலுக்குத் தேதி குறியுங்கள், தகவல் பிழை இருந்தால் திருத்துங்கள். கருத்து வேறுபாடு என்றால் அவர்கள் பதிலை அப்படியே பின்னிணைப்பாகச் சேருங்கள். பின்னால் வரப்போகும் எதிர்ப்பை உங்கள் அறிக்கைக்குள்ளேயே வைத்துவிட்டால் அதன் கூர்மை போய்விடும்.

தவறான எச்சரிக்கையோடு வாக்குமூலம் வாங்குவது. விசாரணைக்கு வரும் ஊழியரிடம் சொல்லக்கூடிய எச்சரிக்கைகள் இரண்டு. முதலாவது: பேசுவது உங்கள் விருப்பம், பேசவில்லை என்பதற்காக மட்டும் வேலை போகாது, சொல்வது குற்ற வழக்கில் பயன்படலாம். இரண்டாவது: பதில் சொல்லியே ஆக வேண்டும், மறுத்தால் வேலை போகலாம், ஆனால் சொன்னதும் அதன் வழியே கிடைத்ததும் உங்கள் மீதான குற்ற வழக்கில் பயன்படாது, பொய் சொன்னால் தவிர. 1967இன் கேரிட்டி, 1973இன் கால்கின்ஸ் வழக்குகளின் பெயரால் இவற்றைக் குறிப்பிடுவார்கள். அவசரப்பட்டு இரண்டாவதைச் சொல்லிவிட்டால், அரசு வழக்கறிஞர் தொடுத்திருக்கக்கூடிய வழக்கு உங்கள் மேசையிலேயே கெட்டுப்போகும். எனவே "வழக்குத் தொடரவில்லை" என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வந்த பிறகே கட்டாய வாக்குமூலம். வாய்மொழி உறுதி போதாது.

நாட்களைத் தப்பாக எண்ணுவது. உளவுத் துறை ஊழியர் ஒருவர் 'அவசரக் கவலை' என்று நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக விரும்பும் புகாரைத் தந்தால், அது நம்பத்தக்கதா என்று முடிவு செய்ய 14 நாள். வேலைநாட்கள் அல்ல, காலண்டர் நாட்கள். பிறகு அதை நாடாளுமன்ற உளவுக் குழுக்களுக்கு அனுப்ப அமைப்பின் தலைவருக்கு 7 நாள். புகார் உண்மை என்று நிரூபிக்க இந்த 14 நாளில் முயல்வது புதியவர்கள் செய்யும் பிழை. கேள்வி நம்பத்தக்கதா என்பது மட்டுமே. 2019இல் அமெரிக்க உளவு அமைப்புகள் அனைத்துக்குமான இன்ஸ்பெக்டர் ஜெனரல் மைக்கேல் அட்கின்சன், அதிபர் டிரம்ப் மீதான ஆகஸ்ட் 12 தேதியிட்ட புகாரை ஆகஸ்ட் 26 அன்று தேசிய உளவு இயக்குநரின் பொறுப்பில் இருந்தவருக்கு அனுப்பினார். அங்கே அது நிறுத்தப்பட்டதும், செப்டம்பர் 9 அன்று குழுக்களுக்கு எழுதினார்: புகார் ஒன்று இருக்கிறது என்று மட்டும், உள்ளடக்கத்தைச் சொல்லாமல். 2020 ஏப்ரலில் அவரை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. நடைமுறை வேலையைக் காப்பாற்றும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கெடு தவறியது என்று சொல்லிப் புகாரை ஓரங்கட்ட முடியவில்லை.

தண்டனையும் நம் வேலை என்று நினைப்பது. ரஷ்யர்களுக்கு ரகசியங்களை விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸின் துரோக வழக்கில் 1994இல் அப்போதைய இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஃபிரெடெரிக் ஹிட்ஸின் அறிக்கை 23 பேரைப் பொறுப்பாளிகளாகக் காட்டியது. இயக்குநர் ஜேம்ஸ் வூல்சி 11 பேருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார், ஒருவரையும் நீக்கவில்லை. 9/11 குறித்துப் பின்னாளைய இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஜான் ஹெல்கர்சன் 2005இல் பரிந்துரைத்த பொறுப்புக்கூறல் குழுவை இயக்குநர் போர்ட்டர் கோஸ் அமைக்கவே இல்லை. பரிந்துரை மட்டுமே உங்கள் கையில். ஆகவே "மேற்பார்வையை வலுப்படுத்த வேண்டும்" என்று எழுதாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் ஏற்றுக்கொண்டு மறந்துவிடலாம். எந்தப் பதவி, எந்தத் தேதிக்குள், எந்த ஆவணத்தைக் காட்டினால் பரிந்துரை முடிந்ததாகக் கருதப்படும் என்று எழுதுங்கள்.

தணிக்கையாளராகச் சேர்பவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு 80 மணி நேரத் தொடர்பயிற்சி கட்டாயம். கடைசி மாதத்தில் அள்ளிக்கட்டாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, களப்பணிக்கு நடுவே இரண்டு மூன்று ஆண்டு தங்கிப்போகும் இடமாக இதைப் பார்ப்பது. நாளை எந்தப் பிரிவில் இடம் கேட்கப் போகிறோமோ, அதைப் பற்றி எழுதும்போது பேனா தானாகவே மெல்லமாகும். முன்பு பணியாற்றிய பிரிவோ, அடுத்துப் போகவிருக்கும் பிரிவோ ஆய்வுக்கு வந்தால், முதல் நாளே எழுத்தில் விலகிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் கோப்பில் இல்லையென்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான்.