கம்பெனியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மென்பொருள் கட்டமைப்பை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளைய மென்பொருள் ஆர்க்கிடெக்ட்கள் சிலர் இப்போது பேராசிரியர்களைத் தேடிப் போகிறார்கள். தங்கள் மென்பொருளின் கட்டமைப்பை, அதாவது அதன் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதை, கல்லூரியோடு சேர்ந்து ஆராய வேண்டும் என்கிறார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அவர்கள் போட்டுக் காட்டும் திட்டங்களைப் பார்த்தால், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரி மாறாமல் இருக்கின்றன.

கூட்டத்துக்கு நேரத்தோடு வருவது, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். இரண்டு தரப்பும் சேர முடியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். மென்பொருள் கட்டமைப்பைத் தனித் துறையாகப் பார்க்கச் சொன்ன 1992ஆம் ஆண்டுக் கட்டுரையை இரண்டு பேர் எழுதினார்கள். டுவெய்ன் பெர்ரி ஏ.டி.&டி. கம்பெனியின் பெல் ஆய்வகத்துக்காரர், அலெக்சாண்டர் வுல்ஃப் கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரர். ஆக, இது நடக்கக்கூடிய காரியம்தான். எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

படத்தைக் கொடுத்து நிரலை மறைப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. நிரலை வெளியே காட்டக் கூடாது என்று கம்பெனியின் சட்டப் பிரிவு சொல்லிவிடும். உடனே யாராவது, "சரி, ஆர்க்கிடெக்சர் படம்தான் இருக்கிறதே, அதைக் கொடுத்துவிடலாம்" என்பார்கள். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகச் செய்த பவர்பாயிண்ட் கோப்பு ஒன்று கல்லூரிக்குப் போகும். மேலே திரை, நடுவே சேவைகள், கீழே டேட்டாபேஸ். அம்புகள் எல்லாம் மேலிருந்து கீழே ஒழுங்காக இறங்கும்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு கூட்டு ஆய்வு அப்படித்தான் தொடங்கியது. அது ஒரு கிடங்கு மேலாண்மை மென்பொருள். ஒரு ஆராய்ச்சி மாணவி அந்தப் படத்தை வைத்து, எந்த மாட்யூலை, அதாவது மென்பொருளின் எந்தப் பகுதியை, மாற்றினால் எது பாதிக்கப்படும் என்று கணக்கிடும் முறை ஒன்றை உருவாக்கினார். ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கடைசிக் கூட்டத்தில், சர்வர்களைப் பராமரிக்கும் இளைஞர் ஒருவர், "ராத்திரி ஓடும் பேட்ச் ஜாப் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தானாக ஓடி வேலைகளை மொத்தமாக முடிக்கும் அந்த ஜாப் எந்தச் சேவையையும் தொடாமல் நேராக டேட்டாபேஸில் எழுதும். பாதி மாட்யூல்கள் அது எழுதி வைத்ததை நம்பித்தான் காலையில் ஓடும். படத்தில் அது இல்லவே இல்லை. அந்த ஒரு கேள்வியோடு கணக்கு முழுவதும் செல்லாமல் போனது.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. "கல்லூரிக்காரர்களுக்கு நடைமுறை தெரியாது" என்று கம்பெனி முடிவு கட்டியது. "எங்களிடம் மறைத்துவிட்டார்கள்" என்று பேராசிரியர் வருத்தப்பட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அழைக்கவில்லை. அந்த மாணவியின் ஒரு வருடத்துக்கு யார் பதில் சொல்வது?

வீட்டு பிளானை மட்டும் நீட்டிவிட்டு, எந்தச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று கேட்டால் எந்த மேஸ்திரியாலும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் ஓடிய எந்த மென்பொருளிலும் படம் ஒன்று சொல்லும், நிரல் வேறொன்று சொல்லும். இது பரம ரகசியம் ஒன்றும் இல்லை. 1995இலேயே கெயில் மர்ஃபி, டேவிட் நாட்கின், கெவின் சலிவன் மூவரும் இதற்கு எளிமையான வழி ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். பொறியாளர் தன் மனதில் உள்ள கட்டமைப்பை வரைய வேண்டும். எந்தக் கோப்பு எந்தப் பெட்டிக்குள் வரும் என்று குறிக்க வேண்டும். எந்தக் கோப்பு உண்மையில் எதை அழைத்து வேலை வாங்குகிறது என்று நிரலிலிருந்தே ஒரு கருவி எடுத்துத் தரும். பிறகு ஒப்பிட்டால் மூன்று வகை கிடைக்கும்: இரண்டிலும் இருப்பவை, நிரலில் மட்டும் இருப்பவை, படத்தில் மட்டும் இருப்பவை. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் இந்த முறையை எக்செல் மீதே பயன்படுத்திப் பார்த்தார். பத்து லட்சம் வரிக்கு மேற்பட்ட சி நிரல் அது. அந்த அளவில் எடுபட்ட முறை உங்கள் கிடங்கு மென்பொருளுக்கும் எடுபடும்.

சட்டப் பிரிவின் பயம் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. மாணவர் கம்பெனிக்கே வரட்டும், கம்பெனி லேப்டாப்பிலேயே நிரலைப் படிக்கட்டும். மாட்யூல்களின் பெயர்களையும் வாடிக்கையாளர் விவரங்களையும் கட்டுரை வெளியாகும்போது மாற்றிக்கொள்ளலாம். நிரல் கைக்கு வந்த பிறகும், மனிதர்களைக் கேட்காமல் விடாதீர்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய ஏடாம் என்ற மதிப்பீட்டு முறையில், சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். "பண்டிகைக் காலத்தில் ஆர்டர் பத்து மடங்கு ஆனால் என்ன ஆகும்?" என்ற மாதிரி நிகழ்வுகளை வைத்து விவாதிப்பார்கள். அந்த அறையில் ராத்திரி ஜாப்பைப் பார்த்துக்கொள்பவரும் இருக்க வேண்டும். மேலாளர்களை மட்டும் கூப்பிட்டால் மறுபடியும் அதே பவர்பாயிண்ட்தான் கிடைக்கும்.

புதிய மொழியைத் திணிப்பது

1990களில் கட்டமைப்பை விவரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஏகப்பட்ட குறியீட்டு மொழிகள் வந்தன. பெரும்பாலானவை ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிட்டன. 15 நாடுகளில் 40 கம்பெனிகளைச் சேர்ந்த 48 பேரிடம் பேசி, 2013இல் வெளியான ஓர் ஆய்வும், நடைமுறையில் இருக்கும் மொழிகளில் பெரும்பாலானவை தொழில்துறையிலேயே உருவானவை என்றுதான் காட்டியது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைக் கவனியுங்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெஃப் மேகி, ஜெஃப் கிரேமர் இருவரும் உருவாக்கிய டார்வின் என்ற மொழியை பிலிப்ஸ் கம்பெனியின் ராப் வான் ஓம்மரிங் எடுத்துக்கொண்டார். டி.வி.க்குள் இருக்கும் மென்பொருளுக்கு நினைவகம் குறைவு. அதனால் மாட்யூல் இணைப்புகளை மென்பொருள் ஓடத் தொடங்கும் முன், கம்பைல் செய்யும்போதே முடித்து, சாதாரண சி நிரலாகத் தரும்படி மாற்றினார். கோலா என்று பெயர் வைத்தார்கள். அது பிலிப்ஸ் டி.வி.க்களில் ஓடியது. 2000இல் இரண்டு தரப்பும் சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதின. தங்கள் மொழியை இப்படி இன்னொருவர் வெட்டி ஒட்ட விட்டார்களே, அந்தப் பேராசிரியர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொம்மை உதாரணத்தோடு நிற்பது

தன் வடிவமைப்புக் கொள்கைகள் நிஜ வேலைக்கு ஆகுமா என்று பார்க்க, டேவிட் பார்னாஸ் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஏ-7 போர் விமானத்தின் பறத்தல் மென்பொருளையே எடுத்துக்கொண்டார். 1970களில். பாடப் புத்தகத்து நூலக மேலாண்மை உதாரணத்தை இனியாவது விட்டுவிடுங்கள்.

ஒரே ஆளை நம்புவது

அவர் வேலை மாறினால் ஆய்வு முடிந்தது. ஒவ்வொரு தரப்பிலும் இரண்டு பேர் வேண்டும்.

ஆய்வின் முடிவுகளுக்கு உரிமை யாருக்கு என்பதைக் கடைசியில் பேசுவது

முதல் மாதமே பேசுங்கள்.

காலக்கணக்கைப் பொருத்தாமல் விடுவது

கம்பெனிக்குக் காலாண்டுதான் கணக்கு. முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து வருடம். இரண்டையும் அப்படியே விட்டால் ஆறு மாதத்துக்குள் கம்பெனியில் யாருக்கும் ஆய்வு நினைவிருக்காது. ஸ்வீடனின் கோதன்பர்கில் சால்மர்ஸ் முதலான பல்கலைக்கழகங்களும் எரிக்சன், வோல்வோ போன்ற கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் சாஃப்ட்வேர் சென்டரில் ஆய்வுகளை ஆறு மாதச் சுற்றுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கம்பெனிக்குக் கையில் ஏதாவது கிடைத்தாக வேண்டும், முதல் சுற்றில் அது படத்தையும் நிரலையும் ஒப்பிட்டுப் பார்த்த பட்டியலாக இருந்தாலும் போதும்.

அதோடு, நிரல் தெரிந்த பொறியாளருக்கு வாரத்தில் அரை நாளாவது இந்த ஆய்வுக்கென்று ஒதுக்கி, அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்வார்" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.