லினக்ஸ் கர்னலில் கோப்பு எழுதும் வேகத்தைச் சீராக்குவது எப்படி?

லினக்ஸில் ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது தரவு உடனே வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் அதை நினைவகத்திலுள்ள பேஜ் கேஷ் என்னும் தற்காலிக இடத்தில் பக்கம் பக்கமாக வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று நிரலிடம் சொல்லிவிடுகிறது. இன்னும் வட்டில் ஏறாத இந்தப் பக்கங்களுக்கு டர்ட்டி பக்கங்கள் என்று பெயர். எழுதும் வேகம் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை இவை அளவுக்கு மீறிக் குவிவதாலோ, தரவை இப்போதே வட்டில் ஏற்று என்று நிரல் கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு அடிக்கடி வருவதாலோ எழுபவை. எது காரணம் என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றுவதில் பயனில்லை.

ஆகவே முதலில் அளவிட வேண்டும். தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையை வெறுமனே ஓட்டினால் அது காட்டுவது பெரும்பாலும் நினைவகத்தின் வேகத்தையே. முடிவில் எஃப்சிங்க் செய்யும் விருப்பத்தைச் சேர்த்தால்தான் வட்டின் வேகம் தெரியும். வட்டின் வேகத்தைச் சோதிக்கும் எஃப்ஐஓ கருவி இதைவிட மேல், ஏனெனில் அது சராசரியோடு நிற்காமல், எழுதும் செயல்களில் நூற்றுக்கு 99 எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதையும் தருகிறது. பயனர் உணரும் தாமதம் சராசரியில் தெரிவதில்லை. சோதனை ஓடும்போதே ப்ராக் அடைவிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பில் டர்ட்டி, ரைட்பேக் (இப்போது வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருப்பது) என்னும் இரு வரிகளையும் நொடிக்கொரு முறை பார்த்து வாருங்கள். டர்ட்டி அளவு ஜிகாபைட் கணக்கில் ஏறி, பிறகு நிரல்கள் ஒரேயடியாக நின்றுபோனால் குவிதல்தான் காரணம். அந்த அளவு சிறிதாகவே இருந்தும் வேகம் குறைவாக இருந்தால் எஃப்சிங்க் பக்கம் பார்க்க வேண்டும்.

குவிதலை ஆள்பவை இரண்டு வரம்புகள். டர்ட்டி பேக்கிரவுண்ட் ரேஷியோவின் இயல்பு மதிப்பு 10 சதவீதம்; டர்ட்டி பக்கங்கள் அதைத் தாண்டியதும் கர்னல் பின்னணியில் எழுதத் தொடங்கும். டர்ட்டி ரேஷியோவின் இயல்பு மதிப்பு 20 சதவீதம். அந்த அளவை நெருங்கினால் எழுதும் நிரலையே கர்னல் காக்க வைக்கும். உண்மையில் இந்தக் கட்டுப்பாடு இரு வரம்புகளுக்கும் நடுப்புள்ளியைக் கடந்ததுமே மெல்லத் தொடங்கிவிடுகிறது. இச்சதவீதங்கள் மொத்த நினைவகத்துக்கல்ல, அவ்வேளையில் பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்துக்கே உரியவை. அப்படிக் கிடைப்பது 60 ஜிகாபைட் என்றால் 20 சதவீதம் 12 ஜிகாபைட். நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் சுழல்வட்டு அதை இறக்கி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்கிடையே எஃப்சிங்க் கேட்டு வரும் வேறொரு நிரல் சிக்கிக்கொள்ளும்.

நினைவகம் பெருத்துவிட்ட இன்றைய சர்வர்களில் சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்கில் வரம்பிடுவதே நல்லது. டர்ட்டி பேக்கிரவுண்ட் பைட்ஸ், டர்ட்டி பைட்ஸ் என்னும் அமைப்புகள் அதற்காகவே உள்ளன. இவற்றுக்கு மதிப்புக் கொடுத்ததும் அவற்றுக்கு இணையான சதவீத அமைப்புகள் பூச்சியமாகிவிடும். வட்டு ஓரிரு நொடிகளில் எழுதக்கூடிய அளவைப் பின்னணி வரம்பாகவும், அதைப் போல நான்கு மடங்கை மேல் வரம்பாகவும் வைத்துத் தொடங்கலாம். மேற்சொன்ன வட்டுக்கு முறையே 20,00,00,000 பைட்டும் 80,00,00,000 பைட்டும் பொருந்தும். கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) கட்டளையால் சோதித்துப் பார்த்து, நிறைவாக இருந்தால் மட்டும் அமைப்புக் கோப்பில் எழுதி நிலைப்படுத்துங்கள். மிகவும் குறைத்துவிட்டாலும் தொல்லைதான்: விரைவில் அழிக்கப்படும் தற்காலிகக் கோப்புகள்கூட வட்டுக்குப் போய்வரும்.

எஃப்சிங்க் சிக்கலுக்குக் கர்னல் அமைப்புகளில் மருந்து குறைவு. பெரும்பகுதி நிரலிலேயே இருக்கிறது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்புக்காகச் செய்யும் எஃப்சிங்க், அப்போது திறந்திருக்கும் ஜர்னல் (கோப்பு முறைமை தன் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவு) பரிவர்த்தனை முழுவதையும் முடிக்கச் செய்யும். வட்டின் உள் கேஷையும் காலிசெய்யச் சொல்லும். எனவே நூறு பதிவுகளுக்கு நூறு எஃப்சிங்க் செய்யாமல், அவற்றைத் திரட்டி எழுதிவிட்டு ஒருமுறை செய்ய வேண்டும். கோப்பின் நீளம் மாறாத இடங்களில், தரவையும் அதைப் படிக்கத் தேவையான விவரங்களையும் மட்டும் வட்டில் ஏற்றும் எஃப்டேட்டாசிங்க் போதும். நேரமுத்திரைக்காக மட்டும் ஜர்னலைத் தொடும் வேலை மிச்சமாகும். இதற்காக ஃபாலோகேட் அழைப்பின் மூலம் கோப்புக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அவ்வாறு ஒதுக்கிய பகுதி இன்னும் எழுதப்படாதது என்றே குறிக்கப்பட்டிருக்கும். அங்கு முதல் முறை எழுதும்போது அக்குறியை மாற்ற ஜர்னல் மறுபடியும் தேவைப்படும். முழுப்பலன் கிடைப்பது, முன்பே பூச்சியங்களால் நிரப்பிய கோப்பின் மேல் எழுதும்போதுதான். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் பதிவேட்டுக் கோப்புகளை இயல்பாக 16 மெகாபைட் அளவில் நிரப்பி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது இதனால்தான்.

வட்டை இணைக்கும்போது தரும் மவுண்ட் விருப்பங்களில், கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காமல் விடும் நோஏடைம் தரும் ஆதாயம் சிறிது; அந்நேரத்தை அரிதாகவே குறிக்கும் ரெல்ஏடைம் கர்னலின் 2.6.30 பதிப்பிலிருந்து இயல்பாகவே இருக்கிறது. கோப்பின் தரவு வட்டில் ஏறும்வரை காத்திராத ரைட்பேக் முறைக்கு ஜர்னலை மாற்றினால் வேகம் கூடலாம், ஆனால் மின்தடைக்குப் பின் கோப்பினுள் பழைய, வேறு கோப்புக்குரிய தரவு தென்பட வாய்ப்புண்டு. வட்டின் உள் கேஷைக் காலிசெய்யச் சொல்லும் பேரியரை நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. பேட்டரி காப்புள்ள வட்டு கன்ட்ரோலர் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

வட்டுக்கான கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஐஓ ஷெட்யூலரைப் பொறுத்தவரை, அதிவேக எஸ்எஸ்டி வகையான என்விஎம்ஈ வட்டுகளுக்கு நன் (none, வரிசைப்படுத்தல் இல்லை) என்பதையும் சுழல்வட்டுகளுக்கு எம்க்யூ டெட்லைன் (mq-deadline) என்பதையும் விட்டுவைத்தாலே போதும். எஸ்எஸ்டி நாள்பட எழுதும் வேகத்தை இழந்தால் ஷெட்யூலரைக் குறை சொல்லாமல், காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை வாரம் ஒருமுறை ஓடுகிறதா என்று பாருங்கள்.