வீட்டு அறைகளை விருந்தினருக்குத் திறக்கும் முன்: இராமநாதபுரம் கடற்கரைக்கான செய்முறை விளக்கம்

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் ஊர்களில் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைக் காலை உணவுடன் வாடகைக்கு விடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் கேட்பது ஏ.சி.யையும் வர்ணத்தையும் பற்றித்தான். என் கருத்தில் அவை கடைசி வேலைகள். காகிதங்களைச் சரியான வரிசையில் பார்த்து முடிக்கும் வரை ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி, உரிமையாளரின் குடும்பம் அதே வீட்டில் குடியிருந்து, ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, அதாவது பன்னிரண்டு படுக்கைகளுக்கு மிகாமல், விருந்தினருக்குக் கொடுப்பதே இல்லத் தங்கல் (ஹோம்ஸ்டே). நீங்கள் மதுரையில் இருந்துகொண்டு இங்குள்ள வீட்டுக்கு ஓர் ஆளைக் காவல் வைத்தால் அது விடுதி. அதற்கான விதிகள் வேறு.

முதல் படி: வீடு யாருடையது?

பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது ஆகிய மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடலோர ஊர்களில் நத்தம் மனைகள் பல இன்னும் தாத்தாவின் பெயரிலேயே கிடக்கின்றன. அப்படியிருந்தால் வாரிசுகள் அனைவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தையோ பட்டா மாறுதலையோ முதலில் பெறுங்கள். தொழில் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் அத்தை மகனுக்குப் பங்கு நினைவுக்கு வரும்.

இரண்டாம் படி: கடல் எவ்வளவு தூரம்?

இதில்தான் நிதானம் தேவை. 2011 ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் உச்சமாக ஏறும் எல்லைக் கோடு) 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடுக்கிறது. 2019 ஆம் ஆண்டின் அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளில் அந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்து, மற்ற ஊரகப் பகுதிகளில் 200 மீட்டராகவே வைத்திருக்கிறது. ஆயினும் புதிய அறிவிக்கைக்கு ஏற்பத் திருத்தப்பட்ட கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்ற இடங்களில்தான் அது செல்லுபடியாகும்; அதுவரை பழையதே நடைமுறை. ஆகவே உங்கள் சர்வே எண்ணை எழுதி, அது எந்த மண்டலத்தில் வருகிறது, எந்த வரைபடத்தின்படி வருகிறது என்று ஆட்சியர் அலுவலகம் வழியாக எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். உயர் ஓதக் கோடு என்பது நாம் கரையில் நின்று கண்ணால் பார்க்கும் அலையின் எல்லை அன்று. அளந்து வரைபடத்தில் குறிக்கப்பட்ட கோடு. எனவே முழங்கையை நீட்டி அளந்து முடிவு செய்ய வேண்டாம்.

2019 அறிவிக்கையில் சிறு உரிமையாளருக்குச் சாதகமான ஒரு வரி உண்டு. மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள், இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவமைப்பையும் முகப்பையும் மாற்றாமல், இல்லத் தங்கல் வழியாகச் சுற்றுலாவில் ஈடுபட அனுமதிக்கப்படலாம் என்பதே அது. எங்கள் உறவினர் ஒருவர் இதை அறியாமல், கடலைப் பார்த்தபடி தூண் நிறுத்தி ஒரு முன்கூடம் இறக்கினார். பழைய வீட்டில் எந்தக் குறையும் இல்லை. அந்த முன்கூடத்தால்தான் அவருடைய விண்ணப்பம் முழுவதும் நின்று போனது. உள்ளே கழிப்பறையைச் சீரமைப்பதற்கும் வெளியே ஓர் அடி நீட்டுவதற்கும் இடையில் சட்டத்தில் பெரிய தூரம் இருக்கிறது.

மூன்றாம் படி: உள்ளாட்சியும் மின்வாரியமும்

இராமேஸ்வரம், கீழக்கரை ஆகியவை நகராட்சிகள். மண்டபம், தொண்டி ஆகியவை பேரூராட்சிகள். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள். தொழில் உரிமம், வீட்டுவரியில் பயன்பாட்டு மாற்றம் ஆகியவற்றை உங்கள் ஊர் எந்த அமைப்பின்கீழ் வருகிறதோ அங்கே கேளுங்கள்.

மின் இணைப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டு இணைப்பில் வணிகம் நடப்பதாகக் கண்டறியப்பட்டால், மின்சாரச் சட்டம் 2003 இன் 126 ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கட்ட நேரிடும். எனவே உங்கள் பிரிவின் உதவிப் பொறியாளருக்கு அறைகளின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு மனு எழுதி, எந்தக் கட்டண வகை பொருந்தும் என்ற பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது, அடுத்த அதிகாரி மாறுதலாகி வரும்போது அது உங்களுக்குத் துணை நிற்காது.

நான்காம் படி: அடுக்களை

இட்லியும் சட்னியும் மட்டுமே என்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு தொழிலுக்கு அடிப்படைப் பதிவே போதும். விண்ணப்பம் இணையத்தில். கிடைக்கும் 14 இலக்க எண்ணை விருந்தினர் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். 14.2 கிலோ வீட்டு எரிவாயு உருளை வணிகச் சமையலுக்கானது அன்று. விருந்தினர் சமையலுக்குத் தனி இணைப்பை முகவரிடம் கேளுங்கள். நம் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பு என்பதால், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஆய்வுக்கு வருபவர் கட்டாயம் எழுப்புவார்.

ஐந்தாம் படி: தரச்சான்று

மத்திய அமைச்சகத் திட்டத்தில் தங்கம், வெள்ளி என இரு வகைகள் உள்ளன. அந்த அமைச்சகத்தின் ‘நிதி’ (NIDHI) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இது விருப்பத்தின் பேரில் பெறுவதே என்றாலும், வங்கியிலும் முன்பதிவுத் தளத்திலும் பேச உதவும். மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தை ஒருமுறை நேரில் அணுகுங்கள்.

ஆறாம் படி: பதிவேடு

வருபவர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆதாரின் நகல் வாங்கினால் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலே போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தங்கினால், 24 மணி நேரத்திற்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தகவல் தர வேண்டும். பழக்கத்தில் இதனைச் ‘சி படிவம்’ என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தீர்த்தமாட வரும் தமிழரும் இலங்கைக் கடவுச்சீட்டுடன் வந்தால் இதில் அடக்கம். நம் மொழி பேசுகிறாரே என்று விட்டுவிடுவதுதான் இக்கரையில் அடிக்கடி நேரும் பிழை.

வரியைப் பொறுத்தவரை, ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படுவதில்லை; அவ்வாறு பதிவு செய்யாதவரின் அறை ஆன்லைன் தளம் வழியாக விற்கப்பட்டால் அந்தத் தளமே வரியைச் செலுத்த வேண்டும்.

கடைசியாக, விளம்பரத்தில் எதை எழுதக் கூடாது என்பதும் விதிக்கு உட்பட்டதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தெரிந்த படகுக்காரரை வைத்துத் தீவுக்குக் கூட்டிச் செல்வதாக எழுதாதீர்கள். காரங்காட்டின் அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை ஏற்பாடு செய்யும் படகுச் சவாரியைச் சொல்லுங்கள். பவளத்தையோ கடல் அட்டையையோ அலங்காரமாகக்கூட வரவேற்பறையில் வைக்க வேண்டாம். அவை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை, தாத்தா காலத்துப் பவளத் துண்டு என்றாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரரே.