பேசுகிறது, ஆனால் கேட்கவில்லை: ரிப்பீட்டர் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, ரிப்பீட்டர் நல்லா கத்துது. ஆனா நான் கூப்பிட்டா காதுல வாங்க மாட்டேங்குது."

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அமெச்சூர் வானொலிக்காரத் தம்பி ஒருவர் இப்படிச் சொன்னார். அதிலேயே பாதி விடை இருந்தது. ரிப்பீட்டர் பழுது என்று வந்தவற்றில் பெரும்பாலானவை அதன் காதில், அதாவது ரிசீவர் பக்கம்தான் இருந்தன. நாமோ வாயை, அதாவது டிரான்ஸ்மிட்டரைத்தான் முதலில் பார்க்கிறோம்.

ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொன்றில் திருப்பிச் சொல்கிறது. 2 மீட்டர் அலைநீளப் பட்டையில் இரண்டுக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். ஒரே ஆன்டெனாவில் 25 வாட் வெளியே போகும். அதே நேரத்தில் தூரத்து ஹேண்டியின் (கையடக்க ரேடியோ) சிக்னல், ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவாக, உள்ளே வரும். இரண்டும் மோதாமல் பார்த்துக்கொள்வது டூப்ளெக்சர். குறைந்தது 80 டெசிபெல் தடுப்பு வேண்டும் என்பார்கள். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ரிசீவர் பக்கம் கசியலாம். இவ்வளவு நுட்பமான இடத்தில் சின்னக் கோளாறும் காதை அடைத்துவிடும்.

எட்டவில்லை என்றதும் பவரைக் கூட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 25 வாட்டை 50 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல். கேட்பவருக்கு வித்தியாசம் லேசாகத்தான் தெரியும். ஆனால் ரிசீவர் மேல் விழும் சுமை இரட்டிப்பாகும். கார் ரேடியோவை ரிப்பீட்டராக மாற்றியிருந்தால் இன்னும் மோசம். அது விட்டு விட்டுப் பேசுவதற்குச் செய்யப்பட்டது. 50 வாட் ரேடியோவை 20 வாட்டில் ஓட்டி, பின்னால் ஒரு மின்விசிறி வையுங்கள். யாராவது பட்டனை அழுத்தியபடியே விட்டுவிட்டாலும் தானாக நிற்க, மூன்று நிமிட டைமரும் அவசியம்.

அடுத்த தவறு, சந்தேகம் வந்ததும் டூப்ளெக்சர் திருகுகளில் கைவைப்பது. அலைவரிசை வாரியாகச் சிக்னலை அளந்து காட்டும் அனலைசர் கருவி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நானும் ஒருமுறை காதால் கேட்டே சரிசெய்துவிடலாம் என்று நம்பித் திருப்பினேன். ஒரு மாதம் ரிப்பீட்டர் ஓடவில்லை.

முதலில் இப்படிச் சோதியுங்கள். நண்பரை ஹேண்டியோடு தள்ளி நிறுத்தி, குரல் கரகரப்போடு சற்றே எழும் அளவுக்கு அவர் சிக்னலைக் குறைக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரிசீவர் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள். குரல் இரைச்சலில் மூழ்கினால், ரிப்பீட்டர் தன் காதைத் தானே அடைத்துக்கொள்கிறது. சரி, எங்கே? ஆன்டெனா கேபிளைக் கழற்றி, அந்தப் பவரைத் தாங்கும் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வெப்பமாக்கி விழுங்கும் கருவி) மாட்டி, நண்பரைக் கிட்டே வரவழைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது குரல் அமுங்கவில்லை என்றால் டூப்ளெக்சர் நலம். பழுது கேபிளிலோ கம்பத்தின் மேலோ இருக்கிறது.

அந்தத் தம்பியின் ரிப்பீட்டரிலும் அப்படித்தான். மேல் முனைக் கனெக்டரைப் பிரித்ததும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. கேபிள் தோலைக் கத்தியால் கீறிப் பார்த்தோம். செம்பு நிறத்தில் மினுங்க வேண்டிய பின்னல் கறுத்து, இடையிடையே பச்சை பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. இரண்டு மீட்டர் வெட்டி எறிந்தும் கறுப்பு தீரவில்லை. முழுக் கேபிளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய வாரம்தான், ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.2 என்ற நல்ல அளவையே காட்டியதாம். இது பலரையும் ஏமாற்றும். நனைந்த கேபிள் போகும் பவரையும் தின்னும், திரும்பி வருவதையும் தின்னும். கீழே இருக்கும் மீட்டருக்கு எல்லாம் நலமாகவே தெரியும். அதனால் ஆன்டெனா முனையில் எத்தனை வாட் போய்ச் சேர்கிறது என்று ஒருமுறையாவது மேலே ஏறி அளக்க வேண்டும். 30 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் புதிதாக இருக்கும்போதே 6 டெசிபெல் விழுங்கும். நாலில் ஒரு பங்கு பவர்தான் மிஞ்சும். எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் இழப்பில் நல்லதுதான். ஆனால் அதன் அலுமினியத் தகடும் வெள்ளீயம் பூசிய பின்னலும் ஒன்றோடொன்று உரசி ரிப்பீட்டரில் இரைச்சல் எழுப்பக்கூடும். காசு கொஞ்சம் கூடினாலும் அரை அங்குல ஹீலியாக்ஸ் (பின்னலுக்குப் பதில் உலோகக் குழாய் உறை கொண்ட கேபிள்) போடுங்கள். கனெக்டர் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் வினைல் டேப் சுற்றுங்கள். கேபிள் அறைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தாழத் தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கம்பத்தில் துருப்பிடித்த போல்ட்டும் தளர்ந்த கம்பியும்கூட இரைச்சல் தரும். காற்றடிக்கும்போது மட்டும் கரகரப்பு வந்தால் அங்கே தேடுங்கள்.

இடம் தேர்வில் நம் ஊர்களுக்கே உரிய ஒரு தவறு உண்டு. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வளரும். கன்று நட்ட புதிதில் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்த ஆன்டெனா, பத்து வருடத்தில் மட்டைகளுக்குள் போய்விடும். மழை பெய்து மட்டை நனைந்தால், குறிப்பாக 70 சென்டிமீட்டர் அலைநீளப் பட்டையில், சிக்னல் நன்றாகவே குறையும். முடிந்தால் குன்றுக்குப் போங்கள். தடையில்லாத தரையில் 100 மீட்டர் உயரத்துக்கு வானொலி அடிவானம், அதாவது சிக்னல் நேராக எட்டும் எல்லை, சுமார் 41 கிலோமீட்டர். எந்த ஆம்ப்ளிஃபயரும் அதைத் தராது.

மாலை இடிமழை நமக்குப் புதிதில்லை. ஆன்டெனாவுக்கு ஒரு எர்த், மின்சாரத்துக்கு வேறொரு எர்த் என்று தனித்தனியே அடித்து இணைக்காமல் விடாதீர்கள்; மின்னல் விழும்போது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உங்கள் ரேடியோ வழியாகத்தான் பாயும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணையுங்கள். பெட்டியின் துளைகளுக்கு வலை அடியுங்கள். எறும்பு ரிலேக்குள் கூடு கட்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அனுமதியையும் மறக்க வேண்டாம். உங்கள் சொந்த அழைப்புக்குறி ரிப்பீட்டருக்குப் போதாது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் அதற்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம், மலை ஏறும் முன் புகார் சொன்னவரின் ஹேண்டியை வாங்கிப் பாருங்கள். ஷிஃப்ட் (இரண்டு அலைவரிசைகளுக்கும் உள்ள இடைவெளி) கூட்டலா கழித்தலா, ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலியான டோன் 103.5 ஹெர்ட்ஸா 203.5 ஹெர்ட்ஸா என்பதில் ஒரு எண் மாறியிருந்தாலும் ரிப்பீட்டர் திறக்காது. டோன் வந்தால் மட்டுமே ஸ்பீக்கரைத் திறக்கும் டோன் ஸ்குவெல்ச் போட்டிருந்தால், ரிப்பீட்டர் திரும்பி டோன் அனுப்பாதபோது அவருக்கு எதுவுமே கேட்காது. இது அரை நிமிட வேலை. மலை ஏறி இறங்க அரை நாள் போகும்.