கால் பிசகினால் எக்ஸ்ரே எப்போது?

குலசேகரம் பக்கம் மழையில் ரப்பர் தோட்டத்துச் சரிவில் கால் பிசகினால், எண்ணெய் போட்டுத் தடவ ஆசானைத்தான் (நாட்டு வைத்தியரை) முதலில் தேடுவோம். சரி, தடவும் முன் எலும்பைப் பாருங்கள். கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வந்த விதி இது: கணுக்காலின் இருபக்கமும் துருத்தும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை விரலால் அழுத்துங்கள். அப்புறம் பாதத்தின் வெளியோர நடுவில் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு, உள்பக்கம் பாதவளைவுக்கு மேலே உள்ள எலும்பு. இதில் எங்காவது சுள்ளென்று வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, எக்ஸ்ரே எடுக்கணும். நொண்டி நடந்தாலும் நடைதான். வீக்கத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். சர்க்கரையால் கால் மரத்தவர்கள், குடித்திருப்பவர்களிடம் இந்த அழுத்தல் வேலைக்கு ஆகாது. கால் கோணியிருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.