பின்பக்க ஸ்வே பார்: மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பழைய ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பத்து நிமிடத்துக்குள் பின்பக்க ஸ்வே பார், அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் எஃகுத் தண்டு, பேச்சில் வந்து நிற்கும். "பதிமூணு எம்எம்மைக் கழற்றிட்டு இருபத்திரண்டு போட்டேன், வண்டியே வேற மாதிரி ஆயிடுச்சு" என்பார். அதில் பொய்யில்லை. 1992-95 ஈஜி, 1996-2000 ஈகே என்ற குறியீடு கொண்ட இரண்டு தலைமுறையிலும் விலை குறைந்த மாடல்களுக்குப் பின்னால் பாரே கிடையாது. இருந்த மாடல்களிலும் மெல்லியதுதான். அதனால் எதைப் போட்டாலும் வித்தியாசம் தெரியும். வித்தியாசம் தெரிந்ததாலேயே சரியானதை வாங்கிவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு.

இந்த பார் ஒரு முறுக்கு ஸ்பிரிங். நடுப்பகுதி வண்டிக்கு அடியில் உள்ள சப்ஃப்ரேம் என்ற குறுக்குச் சட்டத்தோடு புஷ் (ரப்பர் உறை) வைத்துக் கட்டப்பட்டிருக்கும், இரு முனைகளும் எண்ட் லிங்க் என்ற சிறு இணைப்புக் கம்பி வழியாக, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது அதற்கு வேலையே இல்லை. ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொள்ளும். வளைவில் நடப்பது அதுதான். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தாலும் அதுவே நடக்கும். சாலை மோசமான ஊரில் தடித்த பார் போட்டவர் வண்டி இடவலமாக ஆடுகிறது என்று புலம்புவது இதனால்தான்.

இப்போது அந்த மில்லிமீட்டர் கணக்கு. திட பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 19-லிருந்து 22-க்குப் போவது வெறும் மூன்று மில்லிமீட்டர் போலத் தெரியும், ஆனால் விறைப்பு சுமார் 1.8 மடங்கு. 13-லிருந்து ஹோண்டாவின் இன்டெக்ரா டைப் ஆர் காரில் வந்த 22-க்குத் தாவினால் எட்டு மடங்குக்கு மேல்! இது பாரின் கணக்கு மட்டும்தான். ஸ்பிரிங்கின் பங்கும் சேரும் என்பதால் மொத்த வண்டி எட்டு மடங்கு விறைக்காது. இருந்தாலும் கடையில் கையில் எடுத்துப் பார்த்து 'கொஞ்சம்தானே தடிமன்' என்று முடிவு செய்யக் கூடாது.

குழாய் பார் என்றால் கணக்கு மாறும். 3 மி.மீ. சுவர் கொண்ட 25 மி.மீ. குழாயும் ஏறக்குறைய 22.6 மி.மீ. திட பாரும் விறைப்பில் ஒன்றுதான், எடை மட்டும் பாதி. ஆகவே '25 எம்எம்' என்று விளம்பரத்தில் கண்டால் உள்ளே திடமா குழாயா, சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த பாரை விட்டுவிடலாம்.

அதைவிடப் பெரிய செலவு வைக்கும் தவறு ஒன்று இருக்கிறது. அந்த விசையெல்லாம் போய்ச் சேருகிற இடத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஈஜி, ஈகே இரண்டிலும் பார் பிடிக்கும் பின்பக்கக் குறுக்குச் சட்டம் மெல்லிய தகடு. மெல்லிய பாருக்கு அது போதும். 22-க்கு மேல் போய் வளைவுகளில் விரட்டினால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு விரிசல் விட்டுக் கிழிவது இந்தக் கார்களில் பேர்போன நோய். முதலில் மேடு பள்ளத்தில் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எல்லோரும் எண்ட் லிங்க்கைத்தான் சந்தேகப்படுவார்கள். சக்கரத்தைத் தூக்கி, அழுக்கைத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் துளையின் ஓரத்தில் முடி போல ஒரு கோடு, அதில் துருக்கறை. தடித்த பார் வாங்குகிறவர் அந்த இடத்தைத் தாங்கும் பிரேஸையும் சேர்த்தே வாங்க வேண்டும். தகடு ஏற்கெனவே துருவேறியிருந்தால் பிரேஸும் காப்பாற்றாது, வெல்டிங் வேலை முதலில்.

பார் இல்லாமல் வந்த மாடல்களில் இன்னொரு சிக்கல். லோயர் ஆர்மில் எண்ட் லிங்க் மாட்ட இடமே இருக்காது. பார் வந்து இறங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துத் தலையில் கை வைத்தவர்கள் நிறைய. பார் வந்த மாடலின் ஆர்மைத் தேடும்போது ஷாக் அப்சார்பரின் கீழ்முனையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லா ஆர்மும் ஒரே மாதிரி பிடிப்பு இல்லை.

சரி, வண்டிக்கு பார் தேவைதானா? பழைய சிவிக்கில் பின்பக்கம் தளர்ந்து அலைவதற்கு முதல் குற்றவாளி பெரும்பாலும் பின்சக்கரத்தை முன்னாலிருந்து பிடிக்கும் டிரெய்லிங் ஆர்மின் முன்முனையில் இருக்கும் பெரிய ரப்பர் புஷ். இருபத்தைந்து முப்பது வருட ரப்பர் வெடித்துப் போயிருக்கும். கடப்பாரையை வைத்து லேசாக நெம்பினாலே உள்வளையம் தனியாக ஆடும். வளைவிலும் பிரேக்கிலும் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்புகிற வண்டியில் தடித்த பார் போடுவது, ஆடுகிற நாற்காலிக்கு மெத்தை தைப்பது போல. புஷ், ஷாக், டயர் மூன்றையும் சரிசெய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அப்புறம் பார் ஆசையே போய்விடும் என்பது என் கணிப்பு.

பார் பாரத்தைக் குறைப்பதில்லை, பங்கை மாற்றுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். பின்னால் விறைப்பு கூடினால் வளைவில் இடம்மாறும் பாரத்தில் பின் அச்சு அதிகப் பங்கை எடுத்துக்கொள்ளும், முன்டயர்களுக்குப் பிடிப்பு மிஞ்சும், மூக்கு உள்ளே திரும்பும். உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தாலும் பயமில்லை, இழுப்பது முன்சக்கரங்கள்தானே. மழைச் சாலைதான் வேறு. வளைவின் நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் இலேசாகி வாலைச் சுழற்றும். இந்தக் கார்களில் அதைத் திருத்த எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. நல்ல டயர் ஜோடி முன்னால், தேய்ந்தது பின்னால் என்று ஓட்டுகிறவருக்கு தடித்த பார் ஆபத்து. பல துளைகள் உள்ள பார் என்றால் முனைக்கு அருகிலுள்ள துளையில் தொடங்குங்கள், அதுதான் மென்மை. உள்ளே போகப் போக விறைப்பு கூடும்.

பொருத்தும்போது நானே செய்த முட்டாள்தனம் ஒன்று. ஜாக்கியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புது லோயர் ஆர்மின் போல்ட்டுகளை முழுக்க இறுக்கினேன். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்றது, சில மாதங்களில் கிழிந்தது. சக்கரங்கள் பாரத்தைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. நீளம் மாற்றக்கூடிய எண்ட் லிங்க் என்றால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து நீளத்தைச் சரிசெய்யுங்கள். கடைசி போல்ட் சுத்தியல் இல்லாமல், விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும்.

ஸ்விஃப்ட், பழைய கோல்ஃப் போன்ற வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் முறுக்குச் சட்டமே பாதி ஸ்வே பார் வேலையைச் செய்கிறது. அந்த வகைக் கார்களுக்கு விற்கும் பார் பெரும்பாலும் சட்டத்தோடு நேராக போல்ட் போடுவது, எண்ட் லிங்க் இருக்காது. பெட்டியில் லிங்க் இல்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.