வட சென்னையில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு: திருடன் எந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கிறான்?

மலேசியாவிலோ வளைகுடாவிலோ பல வருடம் இருந்துவிட்டு வட சென்னையில் வீடு பார்க்கிறீர்கள் என்றால், "அந்தப் பக்கமா? திருட்டு பயம் ஆச்சே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பி ஒதுங்கிவிடாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் போன்ற இடங்களின் நெருக்கமான தெருக்களில் பகலெல்லாம் வாசலில் ஆள் இருக்கும். இஸ்திரி வண்டிக்காரர், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் அக்காக்கள், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். புதுமுகம் இரண்டு தடவை கடந்து போனால் "யாரு வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள். பூட்டை உடைக்க வருபவனுக்கு அந்தக் கேள்விதான் ஆகாது. பக்கத்து மனைகள் காலியாகக் கிடக்கும் மாதவரம், புழல் பக்கத்துப் புது நகர்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

வீடு புகுந்து திருடியவர்களிடமே பேசிப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதைத்தான். பணக்கார வீடா என்பது அப்புறம்தான். நம்மூரில் ஆள் இல்லாததைக் காட்டிக்கொடுக்க நிறைய இருக்கிறது. கேட்டில் வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பூட்டு, எடுக்காத பால் பாக்கெட், தினமும் கோலம் போடும் வாசல் திடீரென்று வெறுமையாகக் கிடப்பது, பட்டப்பகலிலும் எரியும் வாசல் விளக்கு. ஊருக்குப் போகும்போது பால்காரரிடமும் பேப்பர் போடுபவரிடமும் நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னால் வாசல் தெளித்து இரண்டு கோடு இழுத்துவிடுவார். வெளியே தொங்கும் பூட்டுக்குப் பதிலாகக் கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டு போட்டால், ஆள் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று தெருவிலிருந்து தெரியாது.

ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் ஒரு மொட்டை மாடியிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தாண்டிவிடலாம். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டு மாடிக் கதவைச் சும்மா தாழ்ப்பாளோடு விடுகிறவர்கள் அதிகம். குடிவந்த அன்றே அதைப் பாருங்கள். பழைய குடித்தனக்காரரிடம் சாவி இருக்கலாம் என்பதால் பூட்டையும் மாற்றிவிடுங்கள்.

புதிதாக வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிவி படம் போட்ட அட்டைப்பெட்டியும் விமான நிலையச் சீட்டு ஒட்டிய பெட்டியும் வாசலில் கிடந்தால், யார் வந்திருக்கிறார்கள், என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். அட்டையை மடித்து உள்ளே வையுங்கள். திருப்பதி போன படத்தைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளலாம்.

நகையை பீரோவில் வைத்து, சாவியை அதன் தலையிலேயே வைக்கும் பழக்கம் வேண்டாம். வங்கி லாக்கர் நல்லது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 ஜனவரி 1 முதல், லாக்கரில் திருட்டு நடந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும்.

பல நாள் வெளியூர் போனால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். அதையும் மீறித் திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல் 100 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். உடைந்த கதவை உடனே சரிசெய்யுங்கள். ஒருமுறை திருடிய வீட்டுக்கே, அல்லது பக்கத்து வீட்டுக்கு, சில வாரங்களில் மறுபடி வருவது பல ஊர்களில் கண்ட உண்மை. அதனால் அண்டை வீட்டுக்காரர்களிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.